கோடித் துணியும் கொடியேற்றமும்

திருக்கோயில் ஒன்றிற்குக் குடமுழுக்கு நிகழும் நாளில், கோபுரத்தைக் காணும் முன்னரே அன்பர் கண்ணிற்படுவது வீதியில் அசையும் கொடியே ஆகும். வெளியூரிலிருந்து வருவோர் எவரிடமும் வழி கேட்க வேண்டுவதில்லை, கொடியே வழிகாட்டும். கல்லில் அமைந்த திருப்பணி நூற்றாண்டுகளைக் கடந்து நிற்பது. செம்பில் அமைந்த கலசம் தலைமுறைகளைக் காண்பது. கொடியோ சின்னாள் ஆடி, வெயிலில் வெளுத்து, மழையில் நைந்து மறைவது. அதனாலேயே போலும், திருப்பணிக் கணக்கில் கொடித் துணிக்கென ஒரு வரி எழுதுவோர் அரியர். ஆயினும் நம் முன்னோர் இச்சிறு துணிக்கு அளித்த இடம் மிகப் பெரிது. அவ்வரலாற்றையும், நம் நெய்வேலி நகரியத்து இல்லங்களில் மிகக் குறைந்த செலவில் கொடி சமைக்கும் முறையையும் இம்மலரில் எடுத்துரைக்க விழைகின்றோம்.

பண்டைத் தமிழகத்துக் கொடிகள்

புலியும் கயலும் வில்லும் பொறித்த மூவேந்தர் கொடிகளை யாவரும் அறிவர். ஆனால் அக்காலத்தில் கொடி என்பது வேந்தர்க்கே உரிய பொருளாக இருந்ததில்லை. சோழன் கரிகாலனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்தில் பறந்த கொடிகளை வகைப்படுத்திக் கூறுகின்றது. தெய்வத்தை வழிபடும் வாயிலில் ஏற்றிய கொடி, கற்று வல்ல ஆசிரியர் வாதுக்கு அழைத்து நாட்டிய கொடி, துறையில் நின்ற மரக்கலங்களின் கொடி, கள் விற்கும் மனையில் கட்டிய கொடி எனப் பலவும் அங்கே உள. இந்திர விழாவிற்காக நகரை அணி செய்தபோது வீதிதோறும் கொடிகள் கட்டப்பட்டமையைச் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் உரைக்கின்றன.

இவற்றால் ஓர் உண்மை விளங்கும். அரசன், புலவன், வணிகன், கடைக்காரன் ஆகிய அனைவர்க்கும் கொடி பொதுவாயிருந்தது. பொன்னும் மணியும் இல்லாதவனும் ஒரு முழத் துணியைக் கழியில் கட்டித் தன் மனையும் விழாவில் பங்கு கொண்டதென ஊரார்க்கு அறிவிக்க முடிந்தது. எளிய பொருளால் எல்லோரும் செய்யத்தக்க அணி அதுவே.

திருக்கோயிலில் கொடித் துணி

பெருவிழா தொடங்குதற்கு அறிகுறி கொடியேற்றம். வடமொழியாளர் இதனைத் துவசாரோகணம் என்பர். புதிய பருத்தித் துணியில், சிவாலயமாயின் இடபத்தையும், திருமால் கோயிலாயின் கருடனையும், முருகன் கோயிலாயின் அவனுக்குரிய அடையாளத்தையும் வரைந்து, அதற்குப் பூசனை செய்து, வீதிவலம் வரச் செய்து, பின்னர்க் கொடிமரத்தில் ஏற்றுவர். இத்துணிக்குக் கொடிப்பட்டம் என்று பெயர். ஒருமுறையும் உடுத்தாத புதுத் துணியைக் கோடி என்பது தமிழ் வழக்கு. பிறந்த குழந்தைக்கும் கோடி, மணமக்களுக்கும் கோடி, இறைவனுக்கும் கோடி.

கொடியேற்றத்திற்குச் சைவ சித்தாந்தச் சான்றோர் கூறும் உட்பொருள் நினைக்குந்தோறும் இனிப்பது. கொடிமரம் பதியாகிய சிவம். கொடிக்கயிறு அவனது திருவருள். உடன் சுற்றப்படும் தருப்பைக் கயிறு பாசம். கொடித் துணியோ ஆன்மா. தன் வலியால் மேலேற மாட்டாத துணி, கயிறு இழுக்க மேலேறி மரத்தைச் சார்கின்றது. ஈண்டு ஒன்று கருதற்குரியது. உயிருக்கு உவமையாக ஆன்றோர் எடுத்தது பட்டுமன்று, பொன்தகடுமன்று. எளிதிற் கிடைக்கும் பருத்தித் துணியே.

தில்லையில் ஏறாத கொடி

நம் நகரியத்திற்குத் தென்கிழக்கே தில்லைச் சிதம்பரம் உள்ளது. கொடியைப் பற்றிய பெருங்கதை ஒன்று அங்கே வழங்குகின்றது. தில்லைவாழ் அந்தணருள் ஒருவராகிய உமாபதி சிவாசாரியார், மறைஞான சம்பந்தரைக் குருவாக அடைந்து, அவர் உண்ட கூழின் மிச்சத்தைத் தாம் ஏற்றமையால், தம் குலத்தாரால் விலக்கப்பட்டுக் கொற்றவன்குடியில் சென்று வாழ்ந்தார். அவர் இயற்றிய சங்கற்ப நிராகரணத்தில் சக ஆண்டு 1235 குறிக்கப்பட்டிருத்தலின், அஃது கி.பி. 1313-ஆம் ஆண்டைச் சார்ந்ததெனக் காலம் கணிப்பர்.

திருவிழாத் தொடங்கும் நாளில் தில்லையில் கொடியை ஏற்ற முயன்றபோது அது மேலேறவில்லை என்றும், உமாபதியார் வந்தாலன்றி ஏறாதெனத் திருவருள் உணர்த்திற்று என்றும், அவர் வந்து நான்கு பாடல்கள் பாடியதும் கொடி தானே ஏறிற்று என்றும் வரலாறு கூறும். அப்பாடல்களே கொடிக்கவி, மெய்கண்ட சாத்திரங்கள் பதினான்கனுள் அஃதும் ஒன்று. அப்பெரியாரின் மடத்திற்கு விறகு கொணர்ந்து தந்த பெற்றான் சாம்பான் என்னும் எளிய தொண்டருக்குத் தீக்கை அளிக்குமாறு கூத்தப்பெருமானே சீட்டுக் கவி விடுத்தருளினான் என்பதும் அவ்வரலாற்றின் பகுதியே. ஊரார் ஒதுக்கிய ஒருவரின் குரலுக்காகக் கொடி காத்திருந்தது; விறகு சுமந்த ஒருவரின் தொண்டை இறைவன் குறித்து வைத்திருந்தான். இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து எண்ணுவோர், ஆலயத் தொண்டில் சிறியது பெரியது என்று அளக்கத் துணியார்.

மேட்டுக்குப்பத்தில் ஏறிய கொடி

தில்லைக் கதைக்குப் பல நூற்றாண்டுகளுக்குப் பின்னர், நமக்கு இன்னும் அண்மையில் மற்றொரு கொடி ஏறிற்று. நம் நகரியத்தை அடுத்த வடலூரில் 1867-இல் சத்திய தருமச்சாலையையும், 1872-இல் சத்திய ஞானசபையையும் நிறுவிய இராமலிங்க வள்ளலார், 1873-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள் மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் சன்மார்க்கக் கொடியை ஏற்றி, அன்பர்க்குப் பேருபதேசம் செய்தருளினார். மேற்புறம் மஞ்சளும் அடிப்புறம் வெண்மையும் அமைந்த அக்கொடிக்கு, நம் உடலகத்தே உந்தி முதல் புருவ நடு வரை உள்ள நாடி ஒன்றினையே பொருளாக அவர் உரைத்தார். கொடியின் உண்மை நம்முள்ளே இருப்பது என்பது கருத்து. அக்கொடியில் விலங்கின் உருவமோ பொன்னிழையோ இல்லை. இரு நிறத் துணி மட்டுமே. பசித்தோர்க்குச் சோறிடுதலைத் தலையாய அறமாகக் கொண்ட பெருமானின் கொடி அங்ஙனம் எளிமையாக இருத்தல் பொருத்தமே அன்றோ?

தையற்கலையும் தேர்ச்சீலையும்

எளிமையே எங்கும் நின்றதென்று கூறல் ஆகாது. துணியாலான ஆலய அணிகள் சோழவள நாட்டில் உயர்ந்த கலையாகவும் வளர்ந்தன. தஞ்சை, கும்பகோணம், திருவாரூர்ப் பகுதிகளில் தேரை அணி செய்யும் சீலைகளையும், உருளை வடிவில் தொங்கும் தொம்பைகளையும் காணாதார் இரார். ஒரு நிறத் துணியின்மேல் வேறு நிறத் துணியை யாளியாகவும், மயிலாகவும், தாமரையாகவும் வெட்டி வைத்து ஓரம் பிடித்துத் தைப்பதே இதன் நுட்பம். துணியின்மேல் எழுதுகோலால் வரைந்து சாயமேற்றும் கருப்பூர்க் கலங்காரி, கோயில் விதானமாகவும் தோரணமாகவும் தொம்பையாகவும் பயன்பட்டு வந்தது. அதற்கு 2021-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிட்டியது.

ஏனைய நாட்டாரும் இவ்வழியினரே. ஒடிசாவில் பூரி சகந்நாதர் ஆலயச் சிகரத்தில் நாள்தோறும் புதிய துணிக் கொடி கட்டுகின்றனர். அன்பர் பலர் அக்கொடியைக் காணிக்கையாக அளிக்கின்றனர். அங்குத் தேர்களைப் போர்த்தும் வண்ணச் சீலைகளும் துணிமேல் துணி வைத்துத் தைக்கும் கலையை வளர்த்தன. நம் நாகூரில் கந்தூரி விழாவும், வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29-இல் தொடங்கும் விழாவும் கொடியேற்றத்தோடு தொடங்குகின்றன. சமயம் வேறாயினும், விழாவின் வரவைத் துணியால் அறிவிக்கும் மரபு ஒன்றே.

நகரியமும் அதன் கொடிகளும்

நெய்வேலி புதிய ஊர். 1930-களில் தம் நிலத்தில் கிணறு தோண்டிய சம்புலிங்க முதலியார், நீரோடு கரிய துகள்கள் வெளிவருதலைக் கண்டார். அதன் பயனாய்ப் பழுப்பு நிலக்கரியின் இருப்பு உலகறிய விளங்கிற்று. 1956-இல் நிறுவனம் தோன்றிற்று. 1957 மே 20-இல் சவகர்லால் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் நிலக்கரி வெளிப்பட்டது. 1962-இல் மின்சாரம் பிறந்தது. நாடெங்கிலுமிருந்து தொழிலாளரும் அலுவலரும் வந்து குடியேறினர். வட்டம் வட்டமாக வகுத்த வீதிகளில், முன்னும் பின்னும் தோட்டம் சூழ்ந்த குடியிருப்புகள் எழுந்தன. பலாவும் மாவும் தென்னையும் நிழல் செய்தன.

இவ்வளர்ச்சியின் மறுபுறத்தையும் மறத்தல் தகாது. சுரங்கத்திற்காகப் பல சிற்றூர்கள் இடம் பெயர்ந்தன. பரம்பரை பரம்பரையாக உழுத நிலத்தையும், குலதெய்வத்தை வணங்கிய மரத்தடியையும் விட்டுப் பல குடும்பங்கள் அகன்றன. கல்லால் ஆனவற்றைப் பெயர்த்துச் செல்லுதல் அரிது. துணியால் ஆனவற்றை மடித்துக் கையோடு எடுத்துச் செல்லலாம். ஊர் மாறினும் விழா மாறாதிருக்க, இடம் பெயர்ந்தோர்க்கும் புதிதாய் வந்து குடியேறியோர்க்கும் எளிய துணையாவது மஞ்சள் தோய்ந்த ஒரு முழத் துணியே. பங்குனி உத்திர நாளில் வில்லுடையான்பட்டு முருகன் திருக்கோயிலை நாடிச் செல்லும் காவடிக் கூட்டத்தைக் கண்டோர், மஞ்சளும் சிவப்புமாகிய துணியின் ஆட்சியை அங்கே கண்டிருப்பர்.

பிளாஸ்டிக்கின் வரவு

இடைக்காலத்தில் ஒரு தீங்கு நேர்ந்தது. கடையில் கட்டுக்கட்டாகக் கிடைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் கொடிகளை வாங்கி ஒரே நாளில் வீதி முழுதும் கட்டி விடுதல் எளிதாயிற்று. கொடி தைத்த கைகள் ஓய்ந்தன. விழா முடிந்ததும் அக்கொடிகள் கிழிந்து சாக்கடையை அடைத்தன, மாடுகள் தின்றன. ஒருமுறை யாம் சென்றிருந்த ஒரு திருவிழாவில், மறுநாட் காலை தேர் வீதியில் நடந்தபோது, வேலும் மயிலும் அச்சிட்ட அத்தகைய கொடிகள் காலடியில் மிதிபட்டுக் கிடந்தன. அக்காட்சி இன்றும் நெஞ்சை விட்டு அகலவில்லை. கட்டியவர் பக்தியில் குறையில்லை. தேர்ந்த பொருளிலேதான் குறை.

2019 சனவரி 1 முதல் தமிழக அரசு, ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களைத் தடை செய்தபோது, அப்பட்டியலில் பிளாஸ்டிக் கொடியும் இடம்பெற்றது. 2022 சூலை 1 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த தடையிலும் அது சேர்க்கப்பட்டது. சட்டம் விலக்கியதை மட்டும் விட்டொழித்தல் போதாது. அவ்விடத்தில் எதை வைப்பது என்பதே வினா. விடை நம் பாட்டிமார் கையில் முன்னரே இருந்தது.

இல்லத்தில் கொடி செய்யும் முறை

ஒரு கச அகலமுள்ள, அதாவது 36 அங்குல அகலமுள்ள, வெளுக்காத காடாத் துணி ஒரு மீட்டர் போதும். ஓரிரவு நீரில் ஊற வைத்துக் கசக்கிப் பிழிந்தால் கஞ்சி நீங்கும். துணியும் சுருங்க வேண்டிய அளவு முன்னரே சுருங்கிவிடும். அதன் பின்னரே சாயம் ஏற்றல் வேண்டும். படிகாரம் சிறிது கரைத்த வெந்நீரில் மஞ்சள் தூளைக் கலந்து, துணியை அரைமணி நேரம் இளஞ்சூட்டில் வைத்திருந்து, நிழலில் உலர்த்தினால் மங்கல நிறம் அமையும். மஞ்சள் வெயிலில் மெல்ல வெளுக்கும் இயல்பினது. விழா நாள்களுக்கு அது போதுமானது. சுண்ணாம்பு சேர்த்தால் ஆலம் போற் சிவக்கும். ஆயின் அச்சிவப்பு நிலைக்காது. ஆகவே சிவப்புக்குச் சாயமேற்றிய பருத்தித் துணியை வாங்குதலே நலம். நீலம் வேண்டுவோர் அவுரியை நினைக்கலாம். முன்னாளில் தென்னார்க்காட்டு மண்ணில் அவுரி மிகுதியாக விளைந்தது என்பது இங்குள்ளோர் பெருமை கொள்ளத்தக்க செய்தி.

வீதித் தோரணத்திற்கு முக்கோணக் கொடிகளே ஏற்றவை. அடி 9 அங்குலமும் உயரம் 12 அங்குலமும் கொண்டு, ஒன்று நிமிர்ந்தும் அடுத்தது கவிழ்ந்தும் வருமாறு வரைந்து வெட்டினால் துணி வீணாகாது. ஒரு வரிசைக்கு ஏழு முழுக் கொடிகளும், இரு ஓரங்களில் இரண்டு அரைத் துண்டுகளும் கிடைக்கும். மூன்று வரிசைக்கு இருபத்தொரு கொடிகள் ஆயின. அரைத் துண்டுகளை இரண்டிரண்டாக இணைத்தால் மேலும் மூன்று கொடிகள் கிடைக்கும். சாய்ந்த ஓரங்களைச் சிறிது மடித்துத் தைக்க. அடிப்பகுதியை ஓர் அங்குலம் மடித்துத் தைத்து, அவ்வழியே பருத்திக் கயிற்றைக் கோத்து, கொடி ஒருபுறமாய் ஒதுங்காதபடி இரு மூலையிலும் ஒரு தையலிட்டுக் கயிற்றோடு பிணைக்க. கொடிக்குக் கொடி மூன்று அங்குல இடைவெளி விட்டால், இருபத்து நான்கு கொடிகள் ஏறக்குறைய 24 அடித் தோரணமாகும். ஒரு மீட்டர் துணியால் ஒரு வீட்டின் முகப்பு நிறைந்துவிடும்.

தோட்டத்தில் நாட்டும் கொடிக்கு அதே துணியை 12 அங்குல அகலமும் 18 அங்குல நீளமுமாக வெட்டினால் ஆறு கொடிகள் அமையும். மேலோரத்தை மடித்துத் தைத்த குழலில் ஒரு குச்சியைச் செருகிக் கழியில் தொங்கவிடுக. கீழோரத்திலும் மெல்லிய மூங்கிற் சிம்பு ஒன்றைச் செருகினால் காற்றில் துணி சுருளாது. நடுவில் வேலோ தாமரையோ வைக்க விரும்புவோர், காகிதத்தை இரண்டாக மடித்துப் பாதி உருவம் வரைந்து வெட்டிப் பிரித்தால் இருபுறமும் ஒத்த வடிவம் கிடைக்கும். அதனைச் சிவப்புத் துணியில் வைத்து, ஓரம் மடிக்கக் கால் அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டி, ஓட்டுத் தையலிட்டுப் பொருத்துக. தொம்பைக் கலையின் தொடக்கப் பாடமும் இதுவே. சிறுமியரும் ஒரு மாலைப்பொழுதில் கற்றுக்கொள்வர்.

தையற்கடையில் எஞ்சும் பருத்தித் துண்டுகளைத் தோட்டத்திற்கும் வீதிக்கும் பயன்படுத்தலாம், குற்றமில்லை. கோயிலினுள் ஏற்றுதற்கு மட்டும் கோடித் துணியே கொள்க. கீழே விழக்கூடிய இடத்துக் கொடிகளில் தெய்வத் திருவுருவமும் திருநாமமும் எழுதாதிருத்தல் நன்று. மின்கம்பிகளுக்கு அருகில் கட்டலாகாது. விழா முடிந்தபின் அவிழ்த்து, அலசி, உலர்த்தி, மடித்து வைத்தால் அடுத்த ஆண்டுக்கும் உதவும். முற்றும் நைந்தால் மண்ணில் இட்டு விடலாம். பருத்தி மண்ணோடு மண்ணாகும்.

அன்பர்க்கு ஒரு விண்ணப்பம்

குடமுழுக்கு வேள்விச் சாலையில் எண்டிசைக்கும் எட்டுக் கொடிகள் நாட்டுதல் ஆகம மரபு. திசைக் காவலர் எண்மரும் துணிக் கொடியாலேயே வரவேற்கப்படுகின்றனர். அங்ஙனமாயின், ஊர்ப் பொதுமக்களும் அவ்வழியே இறைவனை வரவேற்கலாம் அன்றோ?

திருப்பணிக்குப் பெரும்பொருள் ஈந்த புரவலர்களைக் கல்வெட்டும் இம்மலரும் போற்றுகின்றன, அது முறையே. அவர்தம் கொடையின்றிக் கல் மேலெழாது. ஆனால் நன்கொடைச் சீட்டில் எழுத ஒரு தொகையும் இல்லாதாரும் இவ்வூரில் உளர். ஓய்வூதியத்தில் வாழும் முதியவர், ஒப்பந்தக் கூலியாக உழைப்பவர், நிலத்தை இழந்து புறத்தே வாழும் குடும்பத்தார் ஆகியோரும் ஆண்டவன் திருமுன் வந்து நிற்கின்றனர். அவர்கட்கு நாம் என்ன இடம் வைத்திருக்கின்றோம் என்று புரவலர் பெருமக்கள் சிறிது எண்ணியருள வேண்டுகின்றோம். வட்டந்தோறும் ஒரு மரத்தடியில் துணியும் நூலும் வைத்து, விரும்புவோர் அனைவரும் ஒரு கொடியேனும் தைத்துக் கட்டுமாறு அழைத்தால், செலவு மிகச் சிறிது. அவ்வீதியில் உலா வரும் பெருமான்முன் ஆடும் கொடிகளில், "இஃது என் கை தைத்தது" என்று ஒரு மூதாட்டி சுட்டிக் காட்டுவாளாயின், அத்திருப்பணியில் அவளுக்கும் பங்கு உண்டாயிற்று.

கோடி கொடுத்தாரும் கோடித் துணி கொடுத்தாரும் இறைவன் திருமுன் ஒரு நிரையினரே. தில்லையில் கொடி ஏறாது நின்றது துணியின் குறையாலன்று. வர வேண்டியவர் ஒருவர் வாராமையால். நம் விழாவிலும் வர வேண்டியவர் எவரும் விடுபடாதிருக்கட்டும். எல்லார் கையும் கூடி ஏற்றும் கொடி இனிதே ஏறுக. அருள் மழை பொழிக. ஊரும் உலகும் தழைத்து வாழ்க.

திருச்சிற்றம்பலம்.